காம்பேக்ட் கேமராவும் முகங்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆட்களை போஸ் இல்லாமல் இயல்பாக எடுக்க வேண்டும், அவ்வப்போது நல்ல முகப்படமும் வேண்டும். லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா வேண்டாம். காம்பேக்ட் கேமராக்களின் விவரப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. முதலில் எந்த எண்ணைப் பார்ப்பது?

பதில்: மெகாபிக்சலையும் ஜூம் மடங்கையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். முகப்படத்துக்கு உதவும் எண் பட்டியலில் நேரடியாக இருக்காது. நீங்களே வகுத்துக் கண்டுபிடிக்க வேண்டும். லென்ஸின் நிஜ ஃபோகல் லெங்த்தை (மி.மீ.யில் தரும் எண்) எஃப் எண்ணால் (எஃப்/2.8 என்றால் 2.8) வகுத்தால், ஒளி நுழையும் துவாரத்தின் விட்டம் கிடைக்கும். முகத்தில் ஃபோகஸ் செய்திருக்கிறீர்கள், பின்னணி வெகு தூரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். அங்குள்ள ஒரு விளக்குப் புள்ளி, முகத்தின் அருகே வைத்து அளந்தால் எவ்வளவு இருக்குமோ அந்தக் கணக்கில், இதே விட்டமுள்ள வட்டமாக விரியும். பின்னணி எவ்வளவு மங்கும் என்பதற்கு இதைவிட நேரான அளவுகோல் இல்லை.

முகத்தின் அகலம் சுமார் 15 செ.மீ. கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 2, மார்க் 3 இரண்டிலும் ஜூமின் நீண்ட முனை 36.8 மி.மீ., எஃப்/2.8. துவாரம் 13 மி.மீ. வருகிறது, முக அகலத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. பானசோனிக் எல்எக்ஸ்100 மார்க் 2-இல் 12 மி.மீ.; ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையில் (23 மி.மீ., எஃப்/2) 11.5, ரிக்கோ ஜிஆர் 3எக்ஸ்-இல் 9.3, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3-இல் 9.2, ரிக்கோ ஜிஆர் 3-இல் 6.5. செல்போனின் முதன்மைக் கேமராவில் 4 மி.மீ. சுற்றி இருக்கும். பெரிய கேமராவில் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் போட்டால் 47 மி.மீ.; முகத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

ஆக, பின்னணியைப் பஞ்சாகக் கரைத்து முகத்தை மட்டும் தூக்கிக் காட்டும் படம் காம்பேக்டில் வராது. யார் வருமென்று சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆளைப் பின்சுவரிலிருந்து 4, 5 மீட்டர் முன்னே நிறுத்துவது, முகத்தைவிட இருண்ட, கோடுகள் குறைந்த பின்னணியாகப் பார்ப்பது, இந்த இரண்டையும் நீங்கள்தான் செய்ய வேண்டும். இதை ஏற்றுக்கொண்டவருக்குக் காம்பேக்ட் நல்ல கருவி.

வகுக்கும்போது ஒரு எச்சரிக்கை. பெட்டியில் ‘24–100 மி.மீ.’ என்று போட்டிருப்பது முழுச்சட்டகக் கேமராவுக்கு (ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சார் 36 × 24 மி.மீ. உள்ளது) இணையாக மாற்றிய கணக்கு. அதை வகுத்தால் விடை தப்பாகும். லென்ஸின் முன் வளையத்தில் ‘8.8–36.8’ என்பதுபோல் பொறித்திருக்கும் எண்தான் நிஜம்.

கேள்வி: கிட்டத்தில் நின்று எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்னுக்குப் போனது போலவும் விழுகிறது. லென்ஸ் குறையா?

பதில்: லென்ஸ் குறை இல்லை, தூரக் குறை. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறக்குறைய 12 செ.மீ. இருக்கிறது. மூக்கிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் நீங்கள் நின்றால் காது 52 செ.மீ. தள்ளி இருக்கிறது, மூக்கு 30 சதவீதம் பெருத்துத் தெரியும். 1.2 மீட்டருக்குப் பின்வாங்கினால் அதே வேறுபாடு 10 சதவீதமாக இறங்கிவிடும்.

கேமராவை நிமிர்த்திப் பிடித்துத் தலை முதல் மார்பு வரை, அதாவது 60 செ.மீ. உயரத்தைச் சட்டகத்தில் அடக்க, 24 மி.மீ. இணை நிலையில் 40 செ.மீ. வரை நெருங்க வேண்டும். 40 மி.மீ.யில் 67 செ.மீ., 70 மி.மீ.யில் சுமார் 1.2 மீட்டர், 100 மி.மீ.யில் 1.7 மீட்டர். பெரும்பாலான ஜூம் காம்பேக்டுகள் இயக்கியதும் 24-இல்தான் விழித்துக்கொள்ளும். அப்படியே ஓடிப்போய் முகத்தருகே நீட்டுவதுதான் இந்தப் புகாரின் மூலம். முகம் என்றால் முதலில் ஜூமை 70-க்கோ அதற்கு மேலோ தள்ளுங்கள். பிறகு காலால் தூரத்தைச் சரிசெய்யுங்கள். ஸ்டெப் ஜூம் (குறித்த நிலைகளுக்குப் படிப்படியாகத் தாவும் ஜூம்) வசதி இருந்தால் அதை லென்ஸ் வளையத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திருப்பில் 85-க்குப் போய்விடலாம்.

28 அல்லது 35 மி.மீ. நிலை லென்ஸ் (ஜூம் இல்லாதது) கேமராவில் முகத்தை மட்டும் நிரப்பப் பார்க்காதீர்கள். இடுப்பு வரை, கைகள், சுற்றியுள்ள பொருள்கள் என்று எடுங்கள். அந்த லென்ஸ்களுக்கு அதுதான் இயல்பு.

கேள்வி: செல்போனிலேயே போர்ட்ரெய்ட் மோட் இருக்கிறதே?

பதில்: பகல் வெளிச்சத்தில், 24 மி.மீ. அகலத்தில், கையகலத் திரையில் பார்க்க என்றால் செல்போன் போதும். அதற்காக மட்டும் காம்பேக்ட் வாங்குவது வீண். வித்தியாசம் தெரிவது நீண்ட முனையில். செல்போனின் டெலி (தூரத்தை நெருக்கிக் காட்டும்) கேமராவுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் பொதுவாக அதன் முதன்மைச் சென்சாரைவிடச் சிறியது. காம்பேக்டிலோ 70, 100 மி.மீ. நிலையிலும் அதே ஓரங்குலச் சென்சார்தான் வேலை செய்கிறது. (ஓரங்குலம் என்பது வழக்குப் பெயர், நிஜ அளவு 13.2 × 8.8 மி.மீ.) மென்பொருள் போடும் மங்கல், பிரிந்து நிற்கும் முடி, மூக்குக் கண்ணாடியின் விளிம்பு, விரல் இடுக்கு ஆகிய இடங்களில் தடுமாறும். பெரிதாக அச்சிட்டால் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: ஜூம் உள்ளதா, நிலை லென்ஸா? மாடல் பெயர் சொன்னால் நல்லது.

பதில்: முகப்படம் முதல், இயல்புப் படம் இரண்டாவது என்றால் ஜூம். ஜி7 எக்ஸ் மார்க் 2 (2016), மார்க் 3 (2019) இரண்டும் 100 மி.மீ. வரை போய், எஃப்/2.8-லேயே நிற்கின்றன, திரை மேல்நோக்கி முழுதும் திரும்பும். வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) கிடையாது, வெயிலில் திரையைப் பார்க்கச் சிரமப்படுவீர்கள். ஆர்எக்ஸ்100 மார்க் 3 (2014) 70-உடன் நின்றுவிடுகிறது, ஆனால் மேலெழும் வியூஃபைண்டர் உண்டு. அதன் ஃபோகஸ் கான்ட்ராஸ்ட் முறை (தெளிவான இடத்தை முன்னும் பின்னும் தேடுவது) மட்டும். ஓடும் குழந்தையைத் துரத்தாது. மார்க் 5 (2016) முதல், தேடாமல் நேரே தூரத்தைக் கணிக்கும் ஃபேஸ் (phase; முகமல்ல) டிடெக்‌ஷன் சேர்ந்தது. மார்க் 7 (2019) 200 மி.மீ. வரை எட்டும், கண்ணைத் தொடர்ந்து பிடிப்பதில் இந்த அளவுக் கேமராக்களில் மிகக் கெட்டி. விலையாகக் கொடுப்பது வெளிச்சம்: எஃப்/2.8-இல் தொடங்கி எஃப்/4.5-இல் முடிகிறது. வெளியில் பகலில் எடுப்பவருக்கு அது பொருட்டல்ல. இரவில் வீட்டுக்குள் எடுப்பவர் அதன் பக்கம் போக வேண்டாம்.

இயல்புப் படமே பிரதானம் என்றால் ஜிஆர் 3 (2019, 28 மி.மீ. இணை) அல்லது ஜிஆர் 3எக்ஸ் (2021, 40 மி.மீ. இணை). இரண்டிலும் ஏபிஎஸ்-சி சென்சார். பரப்பில் ஓரங்குலச் சென்சாரைவிட மூன்று மடங்கு. சட்டைப்பையில் அடங்கும். வியூஃபைண்டர், உள்ளமை ஃபிளாஷ், மடங்கும் திரை எதுவும் இல்லை. பேட்டரி ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படங்கள்தான், உதிரிப் பேட்டரி இல்லாமல் வெளியே போகக் கூடாது. முகமும் வேண்டும் என்பவருக்கு 3எக்ஸ். அதில் 71 மி.மீ. வெட்டு முறை (படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுப்பது) உண்டு. 24 மெகாபிக்சல் 7-ஆகக் குறையும், 8 × 10 அங்குல அச்சுக்கு அது போதும்.

பையில் கொஞ்சம் இடம் தர முடிந்தால் எக்ஸ்100 வரிசை. ஷட்டர் சத்தம் கிட்டத்தட்டக் கேட்காது. ஒளியியல் வியூஃபைண்டரில் சட்டகத்துக்கு வெளியே நடப்பதும் தெரியும், ஒருவர் உள்ளே வருமுன்பே பார்த்துக்கொள்ளலாம். பழைய எக்ஸ்100, எஸ், டி, எஃப் மாடல்களில் லென்ஸ் ஒன்றே: எஃப்/2-இல் மிகக் கிட்டத்தில் எடுத்தால் புகை படிந்தது போல மென்மையாக விழும். அரை மீட்டருக்குள் எஃப்/4-க்கு மூடினால் சரியாகிவிடும். 2020-இல் வந்த எக்ஸ்100வி-யில் லென்ஸை மாற்றி வடிவமைத்தார்கள். 2024-இன் எக்ஸ்100விஐ-யில் 40 மெகாபிக்சல், 70 மி.மீ. அளவுக்கு வெட்டினாலும் 10 மெகாபிக்சல் மிஞ்சுகிறது.

கேள்வி: 30 மடங்கு ஜூம் கேமராவில் தூரத்திலிருந்தே இயல்பாக எடுக்கலாமே?

பதில்: எடுக்கலாம், நல்ல வெயிலில். உள்ளே இருப்பது 6.2 × 4.6 மி.மீ. சென்சார், நீண்ட முனையில் எஃப்/6 சுற்றி வந்துவிடும். மாலை மங்கியதும் முகத்தில் தோல் தெரியாது, பூசினாற்போல இருக்கும்.

கேள்வி: சிரிப்பைப் பார்த்து அழுத்துகிறேன், படத்தில் சிரிப்பு முடிந்திருக்கிறது. கேமரா மெதுவா, கை மெதுவா?

பதில்: பெரும்பாலும் ஃபோகஸ் மெதுவு. பொத்தானை ஒரே மூச்சில் அழுத்தினால் கேமரா முதலில் ஃபோகஸ் தேடி, கிடைத்த பிறகுதான் எடுக்கும். மங்கிய வெளிச்சத்தில் இந்தத் தேடலே அரை நொடி தின்னும். அரை அழுத்தத்தில் ஃபோகஸைப் பூட்டிக் காத்திருந்து, சிரிப்பு எழும்போது மீதியை அழுத்தினால் தாமதம் கண்ணுக்குத் தெரியாது. கடையில் கேமராவைச் சோதிக்கும்போதும் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்: அரை அழுத்தத்துடன், அரை அழுத்தமின்றி.

இன்னும் வேகம் வேண்டுமென்றால் தானியங்கி ஃபோகஸையே விட்டுவிட வேண்டும். ஜிஆர் கேமராக்களில் ஸ்னாப் ஃபோகஸ் என்று ஒரு முறை உண்டு; 1, 1.5, 2, 2.5, 5 மீட்டர் என்று தூரத்தை முன்கூட்டியே நிறுத்தி வைக்கலாம். ஜிஆர் 3-இல் 2 மீட்டர், எஃப்/5.6 வைத்தால் 1.2 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். 3எக்ஸ்-இல் அதே அமைப்பு 1.5 முதல் 3 மீட்டர் வரைதான் தாங்கும்; ஃபோகல் லெங்த் கூடினால் தெளிவின் ஆழம் சுருங்குவதே காரணம். கண்ணை மூடிக்கொண்டு தெருப்படம் எடுக்க 28 ஏன் பிடித்தமானது என்பது இதில் விளங்கும். ஓரங்குல ஜூம் கேமராக்களில் ஸ்னாப் ஃபோகஸ் இல்லாவிட்டாலும் மேனுவல் ஃபோகஸ் இருக்கும். 24 முனையில் எஃப்/4, தூரம் 2 மீட்டர் என்று வையுங்கள். ஒரு மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவு. ஜூமைத் தொட்டால் மட்டும் இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

தூங்கும் கேமரா எழுந்து லென்ஸை நீட்ட எடுக்கும் நேரத்தையும் மறக்காதீர்கள். ஆட்கள் நடுவே இருக்கும்போது தானாக அணையும் நேரத்தை 5 நிமிடத்துக்கு நீட்டி வையுங்கள்.

கேள்வி: கேமராவைத் தூக்கினாலே எல்லோரும் விறைத்துக்கொள்கிறார்கள்.

பதில்: பீப் ஒலி, ஃபோகஸுக்கு உதவும் சிவப்பு விளக்கு, படம் எடுத்தபின் தோன்றும் மறுபார்வை, மூன்றையும் அணையுங்கள். அந்த விளக்குதான் பெரிய துரோகி. திரை மடங்கினால் கேமராவை இடுப்பருகே வைத்துக் குனிந்து பாருங்கள். நிமிர்ந்து நீட்டுவதைவிட ஆட்கள் கவனிப்பது குறைவு. முதல் ஐந்தாறு படங்களுக்கு விறைப்பார்கள், பிறகு மறந்துபோவார்கள். அதுவரை எடுத்துக்கொண்டே இருங்கள். அறியாதவரை எடுத்தால் பிறகாவது படத்தைக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: சத்தமில்லா முறையில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் வருகின்றன.

பதில்: மின்னணு ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது; விளக்கோ மினுக்குகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஆகவே 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் பட்டை போகும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/125. வேகம் கூடுதலாக வேண்டுமென்றால் இயந்திர ஷட்டருக்குத் திரும்புங்கள். காம்பேக்டின் இலை ஷட்டர் (லென்ஸுக்குள் இதழ்களாகத் திறந்து மூடுவது) எப்படியும் மெல்லிய சத்தம்தான்.

கேள்வி: இரவில் வீட்டுக்குள் எடுத்தால் முகம் ஆடிப்போகிறது. ஸ்டெபிலைசர் இருந்தும் பலனில்லை.

பதில்: ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், எதிரில் பேசுபவரின் தலையசைப்பை அதனால் நிறுத்த முடியாது. பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/125 நொடி, கையை ஆட்டிப் பேசுபவருக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500 வேண்டும். ஆட்டோ முறையில் கேமரா 1/30-க்கு இறங்கிவிடுகிறது. உங்கள் படம் ஆடுவது அதனால்தான்.

சாதாரண வீட்டு விளக்கொளியில் கணக்கு இப்படி வரும்: எஃப்/1.8, 1/125 நொடிக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு எண்) சுமார் 640. எஃப்/2.8-இல் 1600. எஃப்/5.6-இல் 6400. ஓரங்குலச் சென்சாரில் 1600 வரை முகம் நன்றாகவே இருக்கும், 3200 சமாளிக்கலாம், 6400-இல் தோலின் நுணுக்கம் போய்விடும். ஏபிஎஸ்-சி-யில் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) கூடுதலாகப் போகலாம். ஆகவே ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவுக்குள் போய், குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125 என்றும், உச்ச ஐஎஸ்ஓ 3200 அல்லது 6400 என்றும் வைத்துவிடுங்கள். வாங்கும்முன் அந்தக் குறைந்தபட்ச வேக அமைப்பு மெனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஷட்டர் முன்னுரிமை முறையில் எடுக்க வேண்டியிருக்கும்.

ஐஎஸ்ஓ இரைச்சலுக்குப் பயந்து வேகத்தைக் குறைக்காதீர்கள். புள்ளி விழுந்த படத்தை மென்பொருளில் தேற்றலாம். ஆடிய கண்ணைத் தேற்ற வழியில்லை. ரா (பதப்படுத்தாத) கோப்பாகவும் சேமித்தால் மஞ்சள் விளக்கின் நிறத்தைப் பிறகு சரிசெய்வது எளிது.

கேள்வி: ஃபிளாஷ் போட்டால் முகம் வெளுத்து, கண் சிவந்து, பின்னால் இருட்டு.

பதில்: மூன்றுக்கும் வேறுவேறு காரணம். வெளுப்புக்கு ஃபிளாஷ் ஈடுசெய்தலை (அதன் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) −1 அல்லது −1.3-க்கு இறக்குங்கள். பின்னணி இருட்டுக்கு ஸ்லோ சிங்க் (ஃபிளாஷோடு ஷட்டரையும் அதிக நேரம் திறந்து வைக்கும்) முறையும் ஐஎஸ்ஓ 800-உம் வையுங்கள். உள்ளமை ஃபிளாஷின் கைடு எண் (அதன் வலிமை; எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் மீட்டர் வரும்) 5 என்று கொண்டால் ஐஎஸ்ஓ 100-இல் எஃப்/2.8-க்கு அதன் எட்டல் 1.8 மீட்டர்தான், நான்கு மடங்கு ஐஎஸ்ஓ வைத்தால் எட்டல் இரட்டிக்கும். கண் சிவப்பது ஃபிளாஷ் லென்ஸை ஒட்டி இருப்பதால். அறை விளக்கைக் கூட்டினால் கண்மணி சுருங்கிச் சிவப்பு குறையும். ஆர்எக்ஸ்100 வரிசையின் மேலெழும் ஃபிளாஷை விரலால் பின்னுக்கு மடித்துப் பிடிக்கலாம். வெள்ளைக் கூரை தாழ்வாக இருந்தால் ஒளி கூரையில் பட்டுத் திரும்பி முகத்தில் மென்மையாக விழும். அப்போது ஐஎஸ்ஓ 800-க்கு மேல் வேண்டும்.

காம்பேக்டின் ஃபிளாஷ் உண்மையில் வெயிலில்தான் பிரகாசிக்கும். உச்சி வெயிலில் கண்குழி கறுத்து விழும்போது நிரப்பொளியாகப் போடுங்கள். பெரிய கேமராவில் 1/200, 1/250-க்கு மேல் சாதாரணமாக ஃபிளாஷ் ஒத்துப்போகாது. இலை ஷட்டரில் 1/1000-லும் ஒத்துப்போகும். எக்ஸ்100வி, விஐ இரண்டிலும் நான்கு ஸ்டாப் என்டி வடிகட்டி (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) உள்ளேயே இருக்கிறது. வெயிலில் எஃப்/2 திறந்து வைக்கலாம்.

கேள்வி: பழைய கேமரா வாங்கப் போகிறேன். என்ன சோதிப்பது?

பதில்: முதலில் தூசி. லென்ஸ் நீண்டு சுருங்கும் கேமரா காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும்; லென்ஸைக் கழற்ற முடியாததால் சென்சாரை நீங்கள் துடைக்கவும் முடியாது. அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துவாரத்தை, மிகச் சிறியதாக (எஃப்/11 அல்லது எஃப்/16) வைத்து, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஃபோகஸ் தவறவிட்டு எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் பொட்டுகள் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருந்தால் தூசிதான்.

அடுத்து லென்ஸ் சாய்வு. கீழே விழுந்த கேமரா வெளியே நன்றாகத் தெரிந்தாலும் லென்ஸ் தொகுதி கோணியிருக்கும். சுவரில் செய்தித்தாளை விரித்து ஒட்டி, நேரெதிரே நின்று, ஜூமின் இரு முனைகளிலும் திறந்த அபெர்ச்சரில் எடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் பரவாயில்லை. ஒரு மூலை மட்டும் மங்கினால் வாங்காதீர்கள். பிறகு பத்துத் தடவை அணைத்து இயக்குங்கள். லென்ஸ் நீளும்போது கரகரப்போ தயக்கமோ இருந்தால் அதை இயக்கும் நுண்ணிய நாடா ஒயரோ பற்சக்கரமோ தேய்ந்திருக்கலாம், பழுதுக்கூலி கேமரா விலையைத் தொட்டுவிடும். பேட்டரி பள்ளத்திலிருந்து சிக்கிச் சிக்கி வெளியே வந்தால் ஊதியிருக்கிறது.

கேள்வி: 2000-களின் சிசிடி (பழைய வகைச் சென்சார்) கேமராக்களில் தோல் நிறம் அழகாக வரும் என்கிறார்களே?

பதில்: நிறத்தைத் தீர்மானிப்பது சென்சாருக்கு மேலுள்ள நிற வடிகட்டியும் கேமராவுக்குள் நடக்கும் பதப்படுத்தலும், சிசிடி, சிமாஸ் என்ற சென்சார் வகைப் பெயர் அல்ல. அந்தப் படங்களின் ‘தோற்றத்தில்’ பாதி நேரடி ஃபிளாஷின் வேலை. வாங்க ஆசையென்றால் ஐஎஸ்ஓ 400-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், இயல்புப் படத்துக்கு அவற்றின் தாமதம் பொறுமையைச் சோதிக்கும். அட்டைதான் முக்கியச் சிக்கல். 2006-க்கு முந்தைய கேமராக்கள் பெரும்பாலும் 2 ஜிபி வரையான பழைய எஸ்டி அட்டையை மட்டுமே படிக்கும். அடுத்த தலைமுறையான எஸ்டிஹெச்சி அட்டை பொருந்தும், ஆனால் வேலை செய்யாது. பழைய ஒலிம்பஸ், ஃபுஜிஃபில்ம் பலவற்றில் எக்ஸ்டி அட்டை, சோனியில் மெமரி ஸ்டிக். அட்டையும் பேட்டரியும் கேமராவோடேயே கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.